சவுக்கு வரிசைக்கு விரித்த கருப்புத் தாள்

அன்று காலை எத்தனையாவது கன்றிலிருந்து நான் வீட்டுக்குத் திரும்பி ஓடினேன்?

மூன்று வருடமாக இதற்கு என்னிடம் பதில் இல்லை. மொத்தம் நூற்றுப் பதினெட்டு சவுக்கங்கன்றுகள். அறுபது வரை போனது நிச்சயம். அறுபதாவது கன்றை ஒட்டி ஒரு எல்லைக்கல் இருக்கிறது. கையிலிருந்த மூங்கில் கழியால் அதன் தலையிலும் ஒரு தட்டு தட்டினேன். அடுத்து நினைவில் இருப்பது என் குழந்தையின் கொதிக்கும் நெற்றிதான். இடையில் இருந்த கன்றுகள் எதுவும் நினைவில் இல்லை. அவற்றில் ஒன்றின் அடியில்தான் அந்தப் பாம்பு படுத்திருந்தது. அது கடித்து ஒரு பெண் இறந்துபோனாள்.

நான் பிறந்தது மணிமங்கலத்தில். கல்லூரியில் தாவரவியல் இரண்டாம் வருடம் படிக்கும்போது கல்யாணமாகி, ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் இந்த ஊருக்கு வந்தேன். கணவருக்கு ஒரு தொழிற்சாலையின் பேக்கிங் பிரிவில் ஷிப்ட் வேலை. மாமனார் இரண்டு ஏக்கரில் கத்தரியும் வெண்டையும் போட்டுக்கொண்டிருந்தார். நிலத்துக்கு மேற்கே ஒரு பெரிய தைலமரத் தோப்பு இருந்தது. நான் கல்யாணமாகி வந்த வருடமே அதை வெட்டி, தொழிற்சாலை கட்ட மண்ணைச் சமன்படுத்த ஆரம்பித்தார்கள். ஆடி மாதம் காற்று அடித்தபோதுதான் அந்தத் தோப்பு எங்களுக்கு என்ன செய்துகொண்டிருந்தது என்று தெரிந்தது. செம்மண் புழுதி அப்படியே எழும்பி வந்து கத்தரிச் செடிகளின் மேல் உட்கார்ந்தது. பூ உதிர்ந்தது. கொடியில் காயப்போட்ட துணிகள்கூடச் செங்கல் நிறமாயின.

காற்றைத் தடுக்க மேற்கு வரப்பில் சவுக்கு வைப்பது என்று மாமனார் முடிவு செய்தார். முதல் வருடம் வைத்த கன்றுகளில் பாதிக்கு மேல் செத்துவிட்டன. காற்றால் சாகவில்லை, களையால் செத்தன. கோரையும் அருகும் பார்த்தீனியமும் கன்றை விட உயரமாக வளர்ந்து, ஊற்றிய தண்ணீரையெல்லாம் அவையே குடித்துவிட்டன. எது கன்று எது களை என்று தேட வேண்டியிருந்தது. சவுக்கு சின்னதாக இருக்கும்போது அதுவும் ஒரு புல்லைப் போலத்தான் இருக்கும். முதல் இரண்டு வருடம் கன்றைச் சுற்றி ஒரு கை நீளத்துக்கு எதுவும் முளைக்கக் கூடாது. அதற்குப் பிறகு அது தன்னைப் பார்த்துக்கொள்ளும்.

அடுத்த வருடம் மறுபடி வைத்தபோது மாமனார் களைக்கொல்லி அடிக்கலாம் என்றார். நான்தான் வேண்டாம் என்றேன். என் மகள் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாள். மண்ணோ கல்லோ எது கிடைத்தாலும் வாயில் போடுவாள். காற்றடிக்கிற இடத்தில் மருந்து அடித்தால் அது வீட்டு வாசலுக்கு வராது என்று என்ன நிச்சயம்? கன்றின் மேல் பட்டால் கன்றும் கருகும். ஒரு விவசாய மாத இதழில் மூடாக்கு பற்றிப் படித்திருந்தேன். கன்றைச் சுற்றிக் கருப்பு பிளாஸ்டிக் தாள் விரித்துவிட்டால் வெளிச்சம் போகாது, களை முளைக்காது, ஈரமும் காயாது. வைக்கோல் போட்டால் எங்கள் மண்ணில் கரையான் ஏறிவிடும். அதனால் தாள் என்றேன்.

"படிச்ச பொண்ணு சொல்லுது, செஞ்சி பாப்போம்" என்றார் மாமனார்.

தொழிற்சாலைகளில் பெட்டிகளைச் சுற்றி வரும் தடித்த கருப்புத் தாள், நெடுஞ்சாலையோரக் காயலான் கடைகளில் குவிந்து கிடக்கும். கணவர் அதை வாங்கி வந்தார். நான் மூன்று அடிச் சதுரமாக வெட்டி, நடுவில் கீறி, ஒவ்வொரு கன்றுக்கும் விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்தேன். அந்த ஒரு வாரம் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது. கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த வீட்டில் என் யோசனையில் நடந்த முதல் காரியம் அது.

தாள் போட்டால் வேலையே இருக்காது என்று நினைத்தது தவறு. கோரையின் முளை ஊசியைப் போலத் தாளைக் குத்திக்கொண்டு மேலே வரும். ஆகவே சில வாரங்களுக்கு ஒரு முறை கல்லை எடுத்து, தாளைத் தூக்கி, கீழே பரவியிருக்கும் கோரைக் கிழங்கைக் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி மூட வேண்டும். இதற்கு ஒரு அக்கா வருவார். நாற்பது வயது இருக்கும். வாரத்தில் மூன்று நாள் காலையில் எங்கள் நிலத்தில்தான் வேலை. முதல் நாள் வரிசையைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னா பொண்ணு, செடிக்கெல்லாம் பாய் போட்டுக்கிற. தலகாணி எங்க?"

"அது தூங்கறதுக்கு இல்லக்கா, களை வராம இருக்க."

"என் வூட்டுக்காரனுக்கு ஒண்ணு வெட்டிக் குடேன். அது பாயில பட்த்தா கெட்ட எண்ணமாத்தான் மொளைக்குது. இது போட்டாலாவது நிக்குதா பாப்போம்."

மாமியார் வாசலிலிருந்து, "வந்ததே லேட்டு, வாய் மட்டும் கொறையல" என்பார். "யக்கா, வாய் வேல செய்யும்போது கையும்தான் செய்து, பாத்துக்கோ" என்று பதில் வரும். உண்மைதான். அவர் கொத்திய இடத்தில் கோரை மறுபடி வர நாளாகும்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எதைத் தொடுவதற்கு முன்பும் தட்டுவார். செருப்பைத் தட்டிவிட்டுத்தான் போடுவார். கூடையைக் கவிழ்த்துத் தட்டுவார். களைக்கொத்தின் காம்பால் தாளை இரண்டு முறை தட்டி, கொஞ்சம் நின்று, பிறகுதான் மூலைக் கல்லை நகர்த்துவார். சுள்ளி பொறுக்கி வளர்ந்த கை அது.

மூன்றாம் மாதம் ஒரு தாளுக்கு அடியில் பாம்புச் சட்டை கிடந்தது. வெயிலுக்கு நிழலும் அடியில் ஈரமும் தவளையும் எலியும் இருந்தால் பாம்பு வரத்தான் செய்யும். மாமனார் அதைக் குச்சியில் எடுத்துக்கொண்டு வந்து, "பாய் போட்டா பட்க்க ஆள் வரத்தானம்மா செய்யும்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தாள் என் யோசனை. அன்று முழுவதும் அந்தச் சட்டை கண்ணிலேயே நின்றது.

அடுத்த நாளிலிருந்து ஒரு பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். அக்கா வருவதற்கு முன், காலையில் ஒரு நீளக் கழியுடன் போய், நூற்றுப் பதினெட்டு தாளையும் தட்டிவிட்டு வருவேன். தாளுக்கு மூன்று தட்டு. அக்கா சொன்னார்: "உனக்கு ஏன் இந்த வேல? நான் தட்டிக்கிறேன்." நான்தான் பிடிவாதமாக, "நீங்க தட்டித் தட்டி நிக்கறதுல நேரம் போவுதுக்கா. நான் தட்டிடறேன், நீங்க தைரியமா தூக்குங்க" என்றேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன்.

முதலில் அவர் கேட்கவில்லை. நான் தட்டிய தாளையே மறுபடி தட்டினார். ஒரு மாதம் போன பிறகு ஒரு தட்டு போதும் என்று ஆயிற்று. பிறகு அதுவும் நின்றது. வீட்டுப் பின்கட்டில் களைக்கொத்தை எடுக்கும்போது, "தட்டிட்டியா பொண்ணு?" என்று கேட்பார். "தட்டியாச்சுக்கா" என்பேன். அதோடு சரி.

ஆடி மாதத்தில் ஒரு நாள் அது. மகளுக்கு ஒன்றரை வயது. முதல் நாள் சாயங்காலமே உடம்பு லேசாகச் சுட்டது. கணவர் நைட் ஷிப்ட் முடிந்து இன்னும் வரவில்லை. விடிந்ததும் மகளை மாமியாரிடம் விட்டுவிட்டுக் கழியை எடுத்துக்கொண்டு போனேன். இரவில் அடித்த காற்றில் தாள்களின் மேல் செம்மண் ஒரு விரல் அளவு படிந்திருந்தது. தட்டிய இடத்தில் கழியின் தடம் கோடு கோடாக விழுந்தது. எல்லைக்கல்லைத் தாண்டினேன். எவ்வளவு தூரம் தாண்டினேன் என்பதுதான் தெரியவில்லை. மாமியார் கூப்பிட்டார்: "தே, இங்க வா. புள்ள ஒரு மாரி முய்க்கிது."

ஓடினேன். நெற்றி கொதித்தது. கண் மேலே சொருகிச் சொருகித் திரும்பியது. ஈரத்துணி போட்டோம். மருந்துப் புட்டியின் சின்ன மூடியில் இளஞ்சிவப்பு மருந்தைக் கோடு வரைக்கும் ஊற்ற வேண்டும். முதல் முறை கோட்டைத் தாண்டிவிட்டது. கொஞ்சம் திரும்ப ஊற்றினேன், குறைந்துவிட்டது. மறுபடி ஊற்றினேன். அப்போது பின்கட்டிலிருந்து குரல் வந்தது.

"தட்டிட்டியா பொண்ணு?"

"ஆச்சுக்கா."

நான் மூடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இதை நன்றாகச் சொல்ல முடியும். மூடியில் இருந்த மருந்தின் நிறம், அதில் மிதந்த ஒரு குமிழி, எல்லாமே நினைவிருக்கிறது.

அரை மணி நேரத்துக்கும் மேல் ஆகியிருக்கும். அக்கா வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு தானே நடந்து வந்தார். அலறவில்லை. "எதோ கட்ச்சிட்ச்சி. கண்ணாடி விரியன் மாரி கீது" என்றார், ஏதோ பொருளைக் கைதவறிப் போட்டதைச் சொல்வது போல. அப்போதுதான் வேலையிலிருந்து வந்து வண்டியை நிறுத்திய என் கணவர், இறங்காமலே அவரைப் பின்னால் உட்காரவைத்து, கூட்டுரோடு வரைக்கும் கொண்டுபோய், அங்கிருந்து ஒரு வேனில் ஏற்றினார். முதலில் ஒரு ஆஸ்பத்திரி, பிறகு பெரிய ஆஸ்பத்திரி. மாமனார் கழியோடு போய் வரிசையின் கடைசிப் பகுதியில் பாம்பை அடித்தார். தொண்ணூற்று நான்காவது கன்று.

மத்தியானத்துக்குள் என் மகளுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. அன்று சாயங்காலம் அவள் சாதாரணமாக விளையாடினாள்.

நான்காம் நாள் மாமியாரும் நானும் பார்க்கப் போனோம். அக்காவின் கை முழங்கை வரைக்கும் வீங்கிக் கருத்திருந்தது. சிறுநீர் போவது நின்றுவிட்டது என்றார்கள். கட்டிலுக்கு அருகே பத்தாவது படிக்கும் அவருடைய மகள் பள்ளிச் சீருடையிலேயே நின்றிருந்தாள். மாமியார் சாத்துக்குடியை வைத்துவிட்டு ஆரம்பித்தார்.

"எத்தினி வாட்டி சொல்லிக்கிறோம்? எம் மருமவ தெனம் கயி எட்துகினு போறத நீ பாக்கல? ஒரு தட்டு தட்டித் தூக்கினா இன்னா?"

அக்கா ஒரு கணம் என்னைப் பார்த்தார். நான் சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. 'அத்தை, அவங்க கேட்டாங்க, நான்தான் தட்டியாச்சுன்னு சொன்னேன்' என்ற வாக்கியம் வாய் வரைக்கும் வந்தது.

"ஆமாக்கா" என்றார் அவர் மாமியாரிடம். "நான்தான் தட்டாத தூக்கிட்டேன். அவசரம்."

பிறகு என்னிடம், "புள்ளைக்கு ஜொரம் உட்டுச்சா?" என்றார்.

காய்ச்சல் பற்றி யாரும் அவரிடம் பேசியிருக்க வழியில்லை. பின்கட்டில் நின்றபோதே அவர் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். என் "ஆச்சுக்கா" எப்படிப்பட்ட நிலையில் வந்தது என்று தெரிந்துதான் வயலுக்குப் போனாரா? அல்லது ஆஸ்பத்திரியில் படுத்து யோசித்தபோது புரிந்ததா? நான் "விட்டுடுச்சுக்கா" என்று மட்டும் சொன்னேன். ஒன்பதாம் நாள் அவர் இறந்துபோனார்.

கடித்த அன்றே தாள்களைப் போய்ப் பார்த்திருக்கலாம். என் கழியின் கோடுகள் எந்தத் தாள் வரைக்கும் இருந்தன என்று பார்த்தாலே தெரிந்திருக்கும். குழந்தையை விட்டுப் போக முடியவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் சாயங்காலம் அவள் விளையாடினாளே, அப்போது போயிருக்கலாமே? மறுநாள் காலையில்தான் போனேன். இரவெல்லாம் அடித்த காற்றில் முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரைக்கும் ஒரே சீராகப் புழுதி படிந்திருந்தது. ஒரு கோடுகூட இல்லை.

பிறகு பல முறை கழியோடு நடந்து பார்த்திருக்கிறேன். மாமியாரை எதற்காவது கூப்பிடச் சொல்லி, எந்தக் கன்று வரைக்கும் குரல் கேட்கிறது என்று கவனிப்பேன். எண்பது வரைக்கும் கேட்கும். காற்று வீட்டுப் பக்கமிருந்து வந்தால் நூறு வரைக்கும் கேட்கும். அன்று காற்று மேற்கிலிருந்து. அப்படியானால் எண்பதைத் தாண்டியிருக்க மாட்டேன். ஆனால் அன்று பக்கத்துத் தொழிற்சாலை மனையில் இயந்திரங்கள் ஓட ஆரம்பித்திருக்கவில்லை. அமைதியில் குரல் இன்னும் தூரம் போகும். சில நாள் வேறொன்று தோன்றும்: நூற்றுப் பதினெட்டையும் தட்டியிருந்தாலும், ஒரு மணி நேரத்தில் பாம்பு திரும்பி வந்திருக்காதா? ஒருவர் தட்ட இன்னொருவர் தூக்குவது என்ற ஏற்பாடே தவறுதானே? அந்த ஏற்பாடு யாருடையது?

கணவரிடம் ஒரு முறை எல்லாவற்றையும் சொன்னேன். "உடு. இப்போ சொல்லி இன்னா ஆவப்போவுது? அந்தம்மாவே அப்படி சொல்லிட்டுப் போயிடுச்சு" என்றார். அவர் நல்ல மனிதர். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நான் எடுத்தால், குழந்தைக்குப் பால் வாங்க வேண்டுமா என்று கேட்பார்.

தாள்களை எல்லாம் மாமனார் ஒரே நாளில் சுருட்டி எடுத்துவிட்டார். களை எடுக்க யாரும் வர மாட்டேன் என்றார்கள். நான் எடுத்தேன். இரண்டு வருடம், ஒவ்வொரு கன்றைச் சுற்றியும் ஒரு கை நீளத்துக்கு. கோரையைக் கிழங்கோடு தோண்டுவது, அருகைக் கணுக் கணுவாக இழுப்பது, பார்த்தீனியத்தைப் பூ விடும் முன் பிடுங்குவது. அரிப்பில் முழங்கை வரைக்கும் தடித்துவிடும். வாயாடத் தெரியாததால் என் வேலை மெதுவாகத்தான் நடந்தது. தொண்ணூற்று நான்காவது கன்றுக்கு வரும்போது மட்டும் தட்டுவேன், நிற்பேன், மறுபடி தட்டுவேன். அங்கே வெறும் மண்தான் இருக்கிறது என்று தெரியும். வீட்டில் பாயை, மிதியடியை, குழந்தையின் செருப்பை, எதையும் தட்டாமல் என்னால் எடுக்க முடிவதில்லை. என் மகள் எல்.கே.ஜி. பையை மாட்டுவதற்கு முன் இரண்டு தட்டு தட்டுகிறாள். டீச்சர் கேட்டதற்கு, "எங்கம்மா அப்படித்தான்" என்றாளாம்.

மரங்கள் இப்போது நான்கு ஆள் உயரம். கத்தரியில் பூ நிற்கிறது. காற்று அவற்றுக்குள் புகுந்து வரும்போது ஒரு நீண்ட மூச்சு போலச் சத்தம் கேட்கும். மற்றவர்களுக்கு அது நல்ல சத்தம். மாமனார் கட்டிலை அந்தப் பக்கம்தான் போடுகிறார். எனக்கு அதில் யாரோ ஏதோ கேட்பது போலவும், நான் பதில் சொல்வதற்காகச் சத்தம் சற்று நிற்பது போலவும் இருக்கும். ஆடியில் நான் அந்தப் பக்கத்து ஜன்னலைத் திறப்பதில்லை.

இதையெல்லாம் எழுத வேண்டும் என்று நான் நினைத்ததில்லை. போன மாதம் கூட்டுரோட்டில் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது, கம்பெனி பஸ்ஸிலிருந்து அக்காவின் மகள் இறங்கினாள். பிளஸ் டூ முடித்துவிட்டு ஒரு தொழிற்சாலையில் அசெம்பிளி லைனில் வேலை செய்கிறாள். கழுத்தில் அடையாள அட்டை, தலையில் பூ, அம்மாவின் அதே நடை.

"அக்கா, உங்களத்தான் பாக்கணும்னு இருந்தேன். ஒரு உதவி."

ஷிப்ட் ஆரம்பிக்கும் முன் அவர்களுக்குத் தினமும் ஐந்து நிமிடம் பாதுகாப்பு பற்றிப் பேச்சு உண்டாம். ஆளுக்கு ஒரு நாள் பேச வேண்டும். இவள் முறை வந்தபோது என்ன பேசுவது என்று தெரியாமல் தன் அம்மாவின் கதையைச் சொல்லியிருக்கிறாள்.

"தெனம் தட்டித்தான் தூக்கணும்னு சொல்லிக்கிறாங்க. அது ரூல். எங்கம்மா ஒரு நாள் அவசரத்துல ரூலை உட்டாங்க, உயிர் பூட்ச்சு. அப்படின்னு சொன்னேன்க்கா. சூப்பர்வைசர் கண்ணு தொடச்சாரு. டிபன் பாக்ஸ் பரிசு குட்த்தாங்க." அவள் கொஞ்சம் சிரித்தாள். "எங்கம்மா எனக்கு வாங்கிக் குட்த்த டிபன் பாக்ஸ்னு சொல்லிக்கிறேன்."

பாதுகாப்பு வாரம் வருகிறதாம். அந்தக் கதையை எழுதிக் கொடுத்தால் பெரிதாக அச்சடித்து, அவள் பெயரும் போட்டு, கேண்டீனுக்குப் போகும் வழியில் ஒட்டப்போகிறார்களாம். "எனக்கு எய்த வராதுக்கா. நீங்க படிச்சவங்க, பக்கத்துலயே இருந்தவங்க. நீங்களே நல்லாத் தமிழ்ல எய்திக் குடுங்க" என்று ஒரு வெள்ளைத் தாளைக் கையில் திணித்தாள். மேலே தலைப்பு மட்டும் எழுதியிருந்தாள்: 'என் அம்மாவின் கவனக்குறைவு'.

சரி என்று சொல்லிவிட்டேன். யார் கேட்டாலும் சரி என்பதுதான் என் சுபாவம். அந்தத் தாள் பீரோவில் புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. நான்கு முறை எழுத உட்கார்ந்தேன். 'அவர் தட்டாமல் தூக்கினார்' என்று எழுதினேன், அது பொய்யில்லை. 'தட்டியாகிவிட்டதா என்று கேட்டுவிட்டுத்தான் தூக்கினார்' என்று எழுதினேன், உடனே கிழித்தேன். அந்தப் பெண்ணுக்கு அம்மாவின் சாவில் கிடைத்த ஒரே நல்ல விஷயம் அந்த ஐந்து நிமிடப் பேச்சு. அதை நான் பிடுங்கலாமா? ஆனால் செருப்பைக்கூடத் தட்டாமல் போடாத ஒருவரைக் கவனமில்லாதவர் என்று என் கையால் எழுதி, நூற்றுக்கணக்கான பேர் சாப்பிடப் போகும் வழியில் ஒட்டவைக்கலாமா? உண்மையைச் சொல்லலாம் என்றால், எனக்கே முழுதாகத் தெரியாத ஒன்றை உண்மை என்று எப்படிச் சொல்வது? 'தெரியவில்லை' என்பதைக் கொண்டுபோய் அந்தப் பெண்ணிடம் கொடுத்தால், என் பாரம் குறைவதற்காக அவள் மேல் ஏற்றுவதாகாதா? அக்காவே பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டார். அதைக் காப்பாற்றுவது மரியாதையா, அல்லது அவர் பின்னால் ஒளிந்துகொள்வதா?

வெள்ளிக்கிழமை காலை ஷிப்டுக்குப் போகும்போது வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றாள். இரண்டு வெள்ளிக்கிழமைகள், குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். குழந்தை நன்றாகத்தான் இருக்கிறாள். மூன்றாவது முறை அந்தக் காரணத்தைச் சொல்ல எனக்குத் துணிவில்லை. இன்னும் எத்தனை வாரம் அவள் பொறுப்பாள் என்றும் தெரியவில்லை.

இதைப் படிப்பவர்களில் பெரியவர்கள் இருப்பீர்கள், தாய்மார்கள் இருப்பீர்கள், அம்மாவை இழந்த பிள்ளைகளும் இருப்பீர்கள். அந்தப் பெண்ணின் இடத்தில் நீங்கள் இருந்தால் என்னிடமிருந்து எதைக் கேட்க விரும்புவீர்கள்? எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம். அந்தத் தாளில் நான் என்ன எழுத வேண்டும் என்று மட்டும் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.